டிராயரில் தங்கிவிட்ட பஸ் டோக்கன்கள்

போன மாதம் பெரம்பூரில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வயது 79. ரிட்டயர் ஆன நாளிலிருந்தே கணக்கு எழுதி வருகிறார். அவர் மனைவி, அந்த அம்மா, டிராயரைத் திறந்து நோட்டுகளை எடுத்தார். அடியில் மூத்த குடிமக்களுக்கான இலவச பஸ் டோக்கன்கள், மாதத்துக்குப் பத்து, கிழிக்காமலே கிடந்தன.

நிதி ஆலோசகனாக நான் பார்த்ததில் அந்த நோட்டுகளைப்போல எனக்குப் பாடம் சொன்னது வேறில்லை. முதல் நோட்டில் ராமேஸ்வரம், காசி, பேரன் காதுகுத்து, ஞாயிறுதோறும் காசிமேட்டு வஞ்சிரம். எழுபதைத் தாண்டியதும் ஊர்ப்பயணம் நின்றுவிட்டது. மீன், வாசலுக்கு வரும் மீன்காரம்மாவிடம் அரைக் கிலோ. ‘பஸ்’ இருந்த இடத்தில் ‘ஆட்டோ’. ஆனாலும் மொத்தச் செலவு குறைந்திருந்தது. கையில் மிஞ்சியதை மகன் ஃபிளாட் வாங்கக் கொடுத்துவிட்டார்.

அப்புறம் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் நடந்ததால் கைக்காசு போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் செலவு ஆரம்பித்தது. “என்னால அவரைத் தூக்க முடியல தம்பி” என்றார் அம்மா. பார்த்துக்கொள்ள வரும் ஆளுக்கு நாளைக்கு 900 ரூபாய், மாதம் 27,000. பேம்பர்ஸ் தனி. ரயில்வே மருத்துவ வசதியோ இன்சூரன்ஸோ பொதுவாக இந்தச் செலவை ஏற்பதில்லை.

என்னிடம் வருகிறவர்கள் பலரும் “மாசம் இவ்வளவு போதும் சார்” என்று ஒரே தொகையைச் சொல்கிறார்கள். அறுபதுகளில் ஊர் சுற்றக் காசு வேண்டும், அதைக் குற்ற உணர்வில்லாமல் செலவழியுங்கள். எழுபதுகளில் செலவு தானாகக் குறையும். அப்போது மிஞ்சுவதை உபரி என்று நினைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அது எண்பதுகளில் நம்மைத் தூக்கி உட்காரவைக்கப்போகும் கைகளுக்கான கூலி. ஒரு வருஷத்துக்கு 3,24,000 ரூபாய், இன்றைய கணக்கில். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 வருஷத்தில் அதுவே இரண்டு மடங்கு.

மத்திய அரசு ஓய்வூதியருக்கு 80 வயதானதும் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடும், 85-ல் 30 சதவீதம். சரி, அது உதவும். ஆனால் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். கணவர் 67 வயதுக்குமேல் இறந்தால் மனைவிக்கு வருவது கடைசிச் சம்பளத்தில் பாதியல்ல, 30 சதவீதம். 30,000 ஓய்வூதியம் வாங்கிய வீட்டில் அடிப்படைத் தொகை 18,000 ஆகிவிடும். கரண்ட் பில்லும் ஆட்டோவும் அப்படிக் குறையாது. ஆகவே மனைவிக்கும் 60 ஆகியிருந்தால் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அவர் பெயரிலும் தனியாகக் கணக்குத் தொடங்குங்கள். ஒருவருக்கு 30 லட்சம் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி அவர் கைக்கே வரும்.

வீட்டு வேலையை எழுபதுக்குள் முடித்துவிடுங்கள். தண்டையார்பேட்டை, ராயபுரம் பக்கத்துப் பழைய வீடுகளின் செங்குத்தான மாடிப்படியை நினைத்தாலே எனக்குப் பயம். கைப்பிடி, வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், முடிந்தால் கீழ்த்தளம்.

கிளம்பும்போது அம்மா கேட்டார்: “எனக்கு இப்படி ஆனா யாருப்பா பார்ப்பாங்க?” அவருக்கு 73 வயது. நோட்டில் புதுப் பக்கம் திருப்பி, மேலே அவர் பெயரை எழுதச் சொன்னேன்.