கொரோனா காலப் பண்ணை உதவித்தொகை: ஒரு கவுண்டியின் கணக்கை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவின் கிராமப்புறக் கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவுகளில்) எந்தப் பண்ணை எவ்வளவு வாங்கியது என்று காட்டும் மானியப் பட்டியலைப் பார்த்தால் 2020-இல் தொகை சட்டென்று ஏறியிருக்கும். முக்கியக் காரணம், வேளாண் துறை அறிவித்த 'கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம்'. முதல் சுற்றில் 1,600 கோடி டாலர் ஒதுக்கி, 2020 மே 26 முதல் செப்டம்பர் 11 வரை விண்ணப்பம் வாங்கினார்கள். அந்தந்தக் கவுண்டியில் உள்ள பண்ணைச் சேவை முகமை அலுவலகம்தான் பணத்தை வழங்கியது.

எவ்வளவு நஷ்டம் என்று யாரையும் கேட்கவில்லை. எந்தத் தேதியில் கையில் என்ன இருந்தது, எந்தத் தேதிக்குள் என்ன விற்றது என்பதே கேள்வி.

மக்காச்சோளத்தை எடுத்துக்கொள்வோம். 2019 விளைச்சலில் பாதி ஒரு பக்கம். 2020 ஜனவரி 15 அன்று விலை பேசி முடிக்காமல் கையிருப்பில் இருந்தது மறுபக்கம். இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கு. 36,000 புஷல் (தானியத்துக்கான அமெரிக்க அளவு) விளைந்து 20,000 புஷல் கையிருப்பில் இருந்தால் 18,000 புஷலுக்குத்தான் பணம். அதில் பாதிக்குப் புஷலுக்கு 32 சென்ட், மறுபாதிக்கு 35 சென்ட். மொத்தம் 6,030 டாலர். முதலில் 80 சதவீதம், அதாவது 4,824 டாலர் வந்தது. பாக்கியைப் பிறகு கொடுத்தார்கள். முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டவரின் மக்காச்சோளம், களஞ்சியத்திலேயே கிடந்தாலும் கணக்கில் வராது. விண்ணப்பங்களில் தவறு நேர அதிகம் வாய்ப்புள்ள இடம் இதுதான்.

மாடு வளர்ப்பவர்களைக் கோபப்படுத்தியது இன்னொரு விதி. தீவனம் போட்டுக் கொழுக்க வைத்த மாட்டை ஜனவரி 15-க்கும் ஏப்ரல் 15-க்கும் இடையில் விற்றிருந்தால் தலைக்கு 214 டாலர். ஏப்ரல் 15-க்குப் பிறகும் கையில் இருந்தால் வெறும் 33 டாலர். நூறு மாட்டுக்கு 21,400 எங்கே, 3,300 எங்கே! இறைச்சி ஆலைகள் மூடிக் கிடந்த நேரத்தில், விற்க முடியாமல் வைத்துத் தீனி போட்டவருக்குத்தான் குறைவாகக் கிடைத்தது. பணம் இரண்டு நிதிகளிலிருந்து வந்ததுதான் காரணம்: ஏப்ரல் 15 வரை நேர்ந்த விலைச் சரிவுக்கு ஒன்று, அதற்குப் பிந்தைய காலத்துக்கு இன்னொன்று. 2021-இல், கையிருப்பாகக் கணக்கிட்ட இந்த மாடுகளுக்குத் தலைக்கு 63 டாலர் கூடுதலாகக் கொடுத்தார்கள். மறுபடி விண்ணப்பிக்க வேண்டியிருக்கவில்லை. அதையும் சேர்த்தால்கூட 96 டாலர்தான்.

இரண்டாம் சுற்று 2020 செப்டம்பர் 21-இல் தொடங்கியது. ஏப்ரல் 16 முதல் ஆகஸ்ட் 31 வரை ஏதாவது ஒரு நாளில் இருந்த அதிகபட்சக் கையிருப்பைக் காட்டினால் மாட்டுக்கு 55 டாலர், பன்றிக்கு 23 டாலர். இனப்பெருக்கத்துக்கு வைத்திருப்பவை சேராது.

வரம்பு ஒரு சுற்றுக்கு ஒருவருக்கு 2,50,000 டாலர். நிறுவனமாக நடக்கும் பண்ணையில் மூன்று பங்குதாரர்கள், ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 400 மணி நேரமாவது உழைத்ததாக அல்லது மேற்பார்த்ததாகக் காட்டினால் 7,50,000 வரை போகலாம். ஆகவே பட்டியலில் ஒரே பெயருக்கு நேரே பெரிய தொகை இருந்தால், முறைகேடு என்று முடிவுகட்டும் முன் பங்குதாரர் எத்தனை பேர் என்று பாருங்கள். சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் பணம் இல்லை. அதில் 75 சதவீதம் விவசாயத்திலிருந்து வந்தால் மட்டும் விலக்கு.

கொட்டகை நிறையப் பன்றி இருந்தும் பட்டியலில் பெயரே இல்லாத பண்ணைகளும் உண்டு. பெரிய கம்பெனியின் பன்றியையோ கோழியையோ கூலிக்கு வளர்த்தவர்கள் அவர்கள். விலை இறங்கினால் நஷ்டம் விலங்கின் உரிமையாளருக்கு என்பதால் முதலில் இவர்களைச் சேர்க்கவில்லை. 2021-இல்தான் இவர்களுக்கும் வழி திறந்தது, அதுவும் வருமான இழப்பில் 80 சதவீதம் வரை என்ற தனிக் கணக்கில்.

முதல் சுற்றுக்கு ஏ.டி. 3114, இரண்டாவதுக்கு ஏ.டி. 3117 என்பவை படிவங்கள். எண்ணிக்கைக்கு விவசாயியின் கையெழுத்தே போதுமானதாக இருந்தது. விற்பனைச் சீட்டு, எடைச் சீட்டு, கால்நடைப் பதிவு எல்லாவற்றையும் மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. சோதனையில் காட்ட முடியாவிட்டால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டிவரும். இந்தத் தொகை வருமான வரிக்கும் உட்பட்டது. பட்டியலில் தெரிவது வரிக்கு முந்தைய தொகை.