சொல் விளக்கம்: இன்டெக்ஸ்ட் அனுயிற்றி

அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் மட்டக்களப்பில் உள்ள பெற்றோரிடம் "இன்டெக்ஸ்ட் அனுயிற்றி எடுத்திருக்கிறம்" என்று சொன்னால், இங்கே அதைச் சாமான் விலை ஏற ஏறக் கூடுகிற பென்சன் என்று விளங்கிக்கொள்வது எளிது. ஆனால் அது வேறு சரக்கு.

அனுயிற்றி என்ற சொல்லின் வேர், ஆண்டைக் குறிக்கும் 'அன்னுஸ்' என்ற இலத்தீன் சொல். ஆண்டுக்கொரு முறை கிடைக்கும் கொடுப்பனவுக்கு வந்த பெயர், இன்று மாதாமாதம் கொடுத்தாலும் அப்படியே நிற்கிறது. தமிழில் 'ஆண்டுத்தொகை' என்பார்கள். நல்ல சொல். படுவான்கரையில் வயதுபோனவர்கள் வயலைக் குத்தகைக்கு விட்டு, போகத்துக்குப் போகம் நெல் வாங்குவார்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரி. முதல் பணத்தைக் காப்புறுதிக் கம்பனியிடம் கொடுத்துவிட்டு, பிறகு தவணை தவணையாக வருமானம் பெறுவது. ஆனால் வயல் எப்போதும் நம்முடையது. ஆயுள் வருமானமாக மாற்றிய முதலோ பொதுவாகத் திரும்பக் கைக்கு வராது.

எங்கள் ஊழியர் சேமலாப நிதி இதற்கு நேர்மாறு. ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும் மொத்தக் காசாகக் கையில் வரும். அதைக் கடைசிவரை கரையாமல் பிரித்துச் செலவழிப்பது அவரவர் பாடு.

அப்புறம் 'இன்டெக்ஸ்'. இலத்தீனில் சுட்டுவிரலுக்கும் அதுதான் பெயர். ஏற்ற இறக்கத்தைச் சுட்டிக்காட்டும் எண்ணுக்கு இலங்கையில் நாம் வழங்கும் 'சுட்டெண்' அந்தப் பொருளை அழகாகப் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டில் 'குறியீட்டெண்' என்பார்கள். குழப்பம் தொடங்குவது இங்கேதான். சுட்டெண் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது விலைவாசி. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 69.8 சதவீதம். அந்த அடியை யார் மறப்பார்கள்?

இந்த அனுயிற்றி பார்ப்பது பங்குச் சந்தைச் சுட்டெண்ணை. பெரும்பாலும் அமெரிக்காவின் பெரிய கம்பனிகளின் பங்கு விலைகளைக் காட்டும் எஸ் அண்ட் பி 500. சந்தை விழுந்தால் அந்த ஆண்டு வட்டி பூச்சியம், போட்ட முதல் பணத்தில் கை வைக்கமாட்டார்கள். ஏறினால் முழு ஏற்றமும் கிடைக்காது. உதாரணத்துக்கு, உச்சவரம்பு 6 சதவீதம் என்று ஒப்பந்தத்தில் இருந்தால், சுட்டெண் 15 சதவீதம் ஏறினாலும் கணக்கில் விழுவது 6தான். சில ஒப்பந்தங்களில் வரம்புக்குப் பதிலாக ஏற்றத்தில் பாதி என்பது போல ஒரு பகுதி தருவார்கள். கம்பனிகள் பங்குக்காரருக்குக் கொடுக்கும் பங்கிலாபமும் வழக்கமாகக் கணக்கில் சேராது. ஒப்பந்தத்தின் முதல் சில ஆண்டுகளுக்குள் முறித்தால் தண்டக்காசு பிடிப்பார்கள்.

ஆகவே 'சுட்டெண் ஆண்டுத்தொகை' என்று மொட்டையாகப் பெயர்த்தால் போதாது. 'பங்குச் சுட்டெண்சார் ஆண்டுத்தொகை' என்று எழுதவேண்டும். சொல் கொஞ்சம் நீளம்தான், சரி. ஆனால் 'பங்கு' என்பதை விட்டால் விலைவாசிக்குக் காப்பு இருக்கிறதென்று நம்பி ஒருவர் ஆயுள் சேமிப்பையே கொடுத்துவிடக்கூடும். உண்மையில் விலைவாசியோடு ஏறும் வருமானத்தை 'விலைச் சுட்டெண்சார் ஆண்டுத்தொகை' என்று தனியாகச் சொல்லலாம்.