வட்டு: ஐஸ் ஹாக்கியின் 'பக்'குக்கு நம்மிடம் உள்ள சொல்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பெண்கள் ஐஸ் ஹாக்கியின் வரலாறு, அதில் சிறந்து விளங்கிய வீராங்கனைகள் என்று பள்ளிக்கு ஒரு தொகுப்பு எழுத வேண்டும், அதுவும் தமிழில். இரண்டு ஞாயிற்றுக்கிழமை நத்தம் சாலையில் உள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் உட்கார்ந்து இருவருமாகக் குறிப்பெடுத்தோம். பெயர்களும் வருடங்களும் சிரமமில்லாமல் சேர்ந்துவிட்டன. வீட்டுக்கு வந்து, எழுதியதை அவள் சத்தமாக வாசித்தபோதுதான் இடறியது. கனடா வீராங்கனை ஒருவரைப் பற்றிய வரி அது: "பூலான் பக்கை வலைக்குள் தள்ளினார்."

வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்த என் அம்மா நிமிர்ந்து, "எந்தப் பக்கத்த ஆத்தா?" என்றார்.

"பக்கம் இல்ல அம்மாச்சி, பக்கு."

"பக்குன்னா? நெஞ்சு பக்குன்னு ஆகுமே, அதுவா?"

அம்மா கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. 'பக்' என்பது தனியாக நிற்கும்போது தொந்தரவு செய்வதில்லை. உருபு சேர்ந்தால் பக்கை, பக்கில், பக்கோடு என்று ஆகி, பக்கத்தோடும் பயத்தோடும் குழம்பிவிடுகிறது. ஐஸ் ஹாக்கியைப் பற்றி எழுதினால் இந்தச் சொல் வரிக்கு வரி வரும். அதனால் இதற்கு ஒரு வழி பண்ணாமல் தொகுப்பு நகராது என்று புரிந்தது.

முதலில் பொருள். நம்ம ஊர் ஹாக்கியில் பந்து என்ன வேலை செய்கிறதோ, அந்த வேலையை ஐஸ் ஹாக்கியில் செய்வது பக். கெட்டிப்படுத்திய கருப்பு ரப்பர்த் துண்டு. குறுக்களவு 3 அங்குலம், கனம் 1 அங்குலம், எடை 156 முதல் 170 கிராம். கேரம் காயை உள்ளங்கை அளவுக்குப் பெருக்கி, கனத்தைக் கூட்டினால் எப்படி இருக்கும், அப்படி. ஆட்டத்துக்கு முன்னால் இதைக் குளிரில் உறைய வைத்துத்தான் எடுப்பார்கள். ரப்பர் என்பதால் சாதாரண நிலையில் துள்ளும், உறைந்தால் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

அது ஏன் தட்டை? 1875 மார்ச் 3 அன்று கனடாவின் மாண்ட்ரியல் நகரில், விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்குக்குள், ஜேம்ஸ் கிரைட்டன் என்பவர் முன்னின்று ஒரு ஆட்டம் நடத்தினார். கூரைக்கு உள்ளே முறையாக நடந்த முதல் ஐஸ் ஹாக்கி ஆட்டம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். பந்து வைத்து ஆடினால் எகிறிப் பார்வையாளர்கள் மேல் விழும் என்பதால் தட்டையான மரத்துண்டைப் பயன்படுத்தினார்கள். 'பக்' என்ற பெயர் அடுத்த ஆண்டு மாண்ட்ரியலில் அச்சில் வந்துவிட்டது.

அந்தப் பெயரின் பிறப்பைத் தேடப் போனால் அது ஆட்டுக் கிடையில் கொண்டுபோய் விடுகிறது. ஐரிஷ் மொழியில் 'பொக்' என்றால் ஆட்டுக்கிடா. அது முட்டுகிற முட்டுக்கும் அதே சொல்தான். அயர்லாந்துக்காரர்கள் ஆடும் ஹர்லிங் ஆட்டத்தில் மட்டையால் பந்தை அடிப்பதை இன்றைக்கும் 'பக்' என்பார்கள். அந்த 'அடி'தான் அடி வாங்கும் பொருளுக்குப் பெயரானது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கிடா முட்டு பார்த்து வளர்ந்த மதுரைக்காரர்களுக்கு இதற்கு மேல் உதாரணம் தேவையில்லை. 'ஹாக்கி' என்ற சொல்லுக்கும் இப்படி ஒரு விளக்கம் உண்டு. எல்லாரும் ஒத்துக்கொண்டதல்ல, ஆனாலும் எனக்குப் பிடித்தது. மேய்ப்பரின் வளைந்த கோலைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்ததாம். நம்ம பக்கத்துக் கீதாரிகள் தோளில் தொரட்டியைச் சாய்த்துக்கொண்டு ஆடு பத்திப் போவதைப் பார்த்தவர்களுக்கு, வளைதடி என்று ஹாக்கிக்குப் பெயர் வைத்த தமிழரும் அதே கோலைத்தான் கண்டார் என்று தோன்றும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? அம்மாவிடம் பொருளை விளக்கினேன். ரப்பரில் வட்டமாக, தட்டையாக, இவ்வளவு கனத்தில் என்று விரலில் காட்டினேன். "வட்டுன்னு எழுதச் சொல்லு" என்று முடித்துவிட்டார். அவருக்கு வட்டு என்றால் கருப்பட்டி வட்டு.

அகராதிக்குப் போனால் அம்மாவின் சொல்லுக்குப் பின்னால் பெரிய கூட்டமே நிற்கிறது. வட்டம், சோறு போடும் வட்டில், வட்டு எல்லாம் ஒரு குடும்பம். நற்றிணையின் மூன்றாம் பாட்டில், பொரிந்த பட்டையுடைய வேப்பமரத்தின் புள்ளி நிழலில், பொன் உரைக்கும் கட்டளைக்கல் போலக் கோடு கீறி, சின்னப் பையன்கள் ஆடுகிறார்கள்: "கட்டளை அன்ன வட்டரங்கு இழைத்துக் கல்லாச் சிறாஅர் நெல்லி வட்டாடும்." நெல்லிக்காய்தான் அவர்களுக்கு வட்டு. கோடு கீறிய தரைதான் அரங்கு. இதே இரண்டு சொற்களையும் வள்ளுவர் 401-ஆம் குறளில் சேர்த்து வைக்கிறார்: "அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய நூலின்றிக் கோட்டி கொளல்."

இங்கே ஒரு மறுப்பு வரும், அது நியாயமானதும்கூட. பரிமேலழகர் வட்டாடலை 'உண்டை உருட்டல்' என்று விளக்குகிறார். நெல்லிக்காயும் உருண்டை. அப்படியானால் பழைய வட்டு பந்துக்குத்தானே நெருக்கம், தட்டைத் துண்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். என் பதில் இது: சொல் அங்கேயே நின்றுவிடவில்லை. வட்டெறிதல் (டிஸ்கஸ்), குறுவட்டு (சிடி), வன்வட்டு (ஹார்டு டிஸ்க்) என்று இன்றைய வழக்கில் வட்டு தட்டையாகிப் பல வருடங்கள் ஆகின்றன. பழைய பாட்டிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வடிவத்தை அல்ல, வேலையை. கோடு போட்ட தரையில், விதிக்குக் கட்டுப்பட்டு நகர்த்தப்படும் சின்னப் பொருள். பக் செய்வதும் அதைத்தான்.

'சில்லு' என்று எழுதலாமா என்றும் யோசித்தோம். பாண்டி ஆடும் பெண்பிள்ளைகள் ஒற்றைக்காலில் நொண்டியபடி, பெருவிரலால் ஓட்டாஞ்சில்லைக் கட்டத்துக்குக் கட்டம் எத்துவார்களே, கோட்டில் நின்றுவிட்டால் ஆட்டம் போச்சு. அந்த நுணுக்கம் ஐஸ் ஹாக்கிக்கு ரொம்பப் பக்கம். ஆனால் சில்லு உடைந்தது, ஒழுங்கற்றது. அளந்து வார்த்த ரப்பருக்கு வட்டுதான் சரி.

வட்டை ஏற்றுக்கொண்டதும் இன்னொரு தவறு தானாக வெளியே வந்தது. ஐஸ் ஹாக்கியைப் 'பனி வளைகோல் பந்தாட்டம்' என்று எழுதுகிறார்கள். அதில் பந்தே இல்லை. அப்புறம் எப்படிப் பந்தாட்டம்? பனி என்பதும் மதுரையில் மார்கழி விடியலில் புல் நுனியில் நிற்பது. இவர்கள் ஆடுவது கல் மாதிரிக் கெட்டிப்பட்ட தரையில். ஆகவே ஆட்டத்தின் பெயரை ஐஸ் ஹாக்கி என்றே விட்டுவிடலாம், ஐஸ் நம் எல்லார் வாயிலும் இருக்கும் சொல்தான். 'ரிங்க்' என்பதற்கு மட்டும் அரங்கு என்று தயங்காமல் எழுதலாம். அங்கேயும் கோடு இல்லாமல் ஆட முடியாது. நடுவில் சிவப்புக் கோடு, இரு பக்கமும் நீலக் கோடு, அவற்றை முதலில் உறைந்த மெல்லிய ஐஸ்மேல் தீட்டி அதன்மேல் மெல்லிய அடுக்குகளாக நீர் விட்டு உறைய வைக்கிறார்கள். எதிராளியின் நீலக் கோட்டை வட்டு தாண்டுவதற்கு முன் ஆட்டக்காரர் தாண்டிவிட்டால் தவறு. அரங்கின்றி வட்டாட முடியாது என்பது சொல்லுக்குச் சொல் உண்மை.

அந்த அரங்குக்குள் பெண்கள் வந்த கதைதான் தொகுப்பின் பெரும் பகுதி. 1890-ஐ ஒட்டி எடுத்த ஒரு புகைப்படத்தில், ஒட்டாவாவில் கவர்னர் ஜெனரல் மாளிகையின் ஐஸ் தரையில், அவர் மகள் ஐசோபெல் ஸ்டான்லி தரை தொடும் வெள்ளை உடையோடு வட்டைத் துரத்துகிறார். 1930-களில் ஹில்டா ரான்ஸ்கோம் ஆடிய பிரெஸ்டன் ரிவ்யுலெட்ஸ் அணி கனடாவில் அசைக்க முடியாததாக இருந்தது. அப்படியிருந்தும் 1956-ல் ஆபி ஹாஃப்மன் என்ற ஒன்பது வயதுச் சிறுமி, முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, ஆண்பிள்ளை என்று நினைக்கவிட்டுத்தான் டொராண்டோவில் ஒரு பையன்கள் அணியில் ஆட முடிந்தது. பிறப்புச் சான்றிதழ் கேட்டபோது விஷயம் தெரிந்தது. வழக்குப் போட்டும் தோற்றார். பிறகு ஓட்டப்பந்தய வீராங்கனையாக ஒலிம்பிக்குக்கே போனார். இந்த இடத்தை எழுதும்போது அக்கா மகள் பேனாவை வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

முதல் பெண்கள் உலகப் போட்டி 1990-ல் ஒட்டாவாவில் நடந்தது. அதில் 5 ஆட்டங்களில் 11 கோல் அடித்தவர் ஏஞ்சலா ஜேம்ஸ். 1998-ல் நாகானோவில் முதன்முறையாக ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி வந்தபோது, அவரைக் கனடா அணியில் சேர்க்கவில்லை. இறுதி ஆட்டத்தில் அமெரிக்கா கேமி கிரனாட்டோ தலைமையில் கனடாவை 3-1 என்று வென்றது. 2010-ல் ஹாக்கி புகழ் மண்டபத்தில் பெண்களை முதன்முதலாகச் சேர்த்தபோது அந்த இருவரையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். மனோன் ரெயோம் 1992-ல் டாம்பா பே அணிக்காக என்ஹெச்எல் என்னும் ஆண்களின் தொழில்முறைத் தொடரின் பயிற்சி ஆட்டத்தில் வலை காத்தார், வந்த 9 வட்டுகளில் 7-ஐத் தடுத்தார். ஹேலி விக்கன்ஹைசர் நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்று, பின்னர் மருத்துவரும் ஆனார். கனடாவுக்காக 276 ஆட்டங்களில் 168 கோல் அவருடையவை. நம் நாட்டு அணியில் பெரும்பாலும் லடாக் பெண்கள், குளம் உறைந்தால் அதுவே அரங்கு என்று பழகியவர்கள். 2025-ல் ஆசியக் கோப்பையில் வெண்கலம் வாங்கினார்கள்.

புதிய சொல் தாங்குமா என்பதை ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, ஒரு பத்தி முழுக்க ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு 2014 சோச்சி ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தை எடுத்துக்கொண்டோம். அக்கா மகள் மறுபடி எழுதி, அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது இது:

"மூன்றரை நிமிடம்கூட மீதி இல்லை, அமெரிக்கா 2-0 என்று முன்னால் இருந்தது. கனடா ஒரு கோல் திருப்பியது. பிறகு வலை காப்பவரை வெளியே எடுத்துவிட்டுக் கூடுதலாக ஒருவரைத் தாக்க அனுப்பியது. அப்போது அமெரிக்காவின் கெல்லி ஸ்டாக் தன் பக்கத்திலிருந்து தட்டிவிட்ட வட்டு, ஆளில்லாத கனடா வலையை நோக்கி அரங்கின் நீளம் முழுக்க வழுக்கிக்கொண்டே போனது. எல்லாரும் நின்று பார்த்தார்கள். வட்டு கம்பத்தில் பட்டுத் திரும்பியது."

"அப்புறம்?" என்றார் அம்மா.

"54.6 விநாடி மீதி இருக்கும்போது மரி-ஃபிலிப் பூலான் வட்டை வலைக்குள் தள்ளிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்திலும் அவரே தள்ளினார். 3-2."