ஓநாய்ச் சிலந்தி: பெயர் வந்த வழியும் வெளியில் படுப்பவர்களின் பயமும்

பெரும்பாலும் வலை கட்டிக் காத்திருக்காமல், தரையில் ஓடி இரை பிடிக்கும் சிலந்திகளில் ஒரு குடும்பத்துக்கு ஓநாய்ச் சிலந்தி என்று பெயர். விலங்கியலில் லைக்கோசிடே. உலகம் முழுக்க 2,400க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. வயல் வரப்பு, களத்துமேடு, புல்தரை, ஆற்றுப்படுகை, சருகு குவிந்த தோப்பு என எங்கும் திரியும். ஊர்ப்பேச்சில் பெரும்பாலும் வெறும் எட்டுக்கால் பூச்சிதான். முன்னால் ஓநாய் வந்து ஒட்டிக்கொண்டதும் பயமும் கூடவே வந்துவிட்டது. வயல் காவலுக்குப் படுப்பவர், அறுவடை முடிந்த தஞ்சை வயல்களில் ஆட்டுக்கிடை போடும் கீதாரிகள், செங்கல் சூளையில் குடும்பத்தோடு தங்கியிருப்பவர்கள், நடைபாதையே வீடாகிப் போனவர்கள் என்று தரையோடு தரையாக இரவைக் கழிப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். இந்தச் சிலந்தியால் அவர்கள் உயிருக்கு ஆபத்து உண்டா? இல்லை. அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லின் வரலாறே காட்டிக்கொடுக்கும்.

கிரேக்கத்தில் லைக்கோஸ் என்றால் ஓநாய். அதிலிருந்து லைக்கோசா என்ற பேரினப் பெயரை 1804இல் உருவாக்கியவர் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரேய். 1833இல் ஸ்வீடன் நாட்டு விலங்கியலாளர் சுண்டெவால் அதைக் குடும்பப் பெயராக விரித்தார். இரையைத் துரத்திப் பாய்ந்து பிடிப்பதால் இந்தப் பெயர். ஓநாயைப்போல இவை கூட்டமாக வேட்டையாடும் என்ற நம்பிக்கையும் ஒருகாலத்தில் இருந்தது. அது தவறு. ஓநாய்ச் சிலந்தி தனி வேட்டைக்காரி. இரண்டு ஓரிடத்தில் சந்தித்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடவும் கூடும். பெயரில் உள்ள ஓநாய் சிறு பூச்சிகளுக்குத்தான் ஓநாய். மனிதனைக் கண்டால் இது ஓடி ஒளியும்.

இக்குடும்பத்தின் பழைய கெட்டபெயர் இத்தாலியில் தொடங்குகிறது. நாட்டின் தென்கோடியில், அபூலியா பகுதியில் தாரந்தோ என்றொரு துறைமுக நகரம். அதைச் சுற்றிய வயல்களில் வளை தோண்டி வாழ்ந்த பெரிய ஓநாய்ச் சிலந்திக்கு ஊர்ப் பெயரிலிருந்தே தாரந்துலா என்ற பெயர் வந்தது. இன்றும் அதன் அறிவியல் பெயர் லைக்கோசா தாரந்துலா. கோடையில் கோதுமை அறுக்கப் போகும் கூலியாட்கள், பெரும்பாலும் பெண்கள், திடீரென்று உடல் முறுக்கி, வியர்த்து, துவண்டு விழுவார்கள். தாரந்துலா கடித்துவிட்டது என்பார்கள். மருந்து? இசை. வயலினும் கஞ்சிராவைப் போன்ற தாளக் கருவியும் கொண்டு வாசிக்கச் செய்து, நாள்கணக்கில் ஆடவிட்டு விஷத்தை இறக்குவார்கள். தாரந்தெல்லா என்ற ஆட்டத்தின் பெயரும் அதே ஊர்ப் பெயரிலிருந்து கிளைத்ததுதான்.

1742இலேயே நேப்பிள்ஸ் மருத்துவர் பிரான்செஸ்கோ செராவோ, இது சிலந்தியின் வேலை அல்ல என்று எழுதிவிட்டார். 1959இல் இத்தாலிய மானிடவியலாளர் எர்னெஸ்தோ தெ மார்த்தினோ தம் குழுவோடு அங்கே போய் ஆய்வு செய்தபோது, ஆண்டுதோறும் கோடையில் இந்த நிலை திரும்ப வருவதையும், பலருக்குக் கடியே நடந்திருக்காது என்பதையும், வறுமையும் அடக்குமுறையும் சுமந்த பெண்களின் துயரம் இதன் அடியில் கிடப்பதையும் பதிவு செய்தார். உண்மையாகவே கடிபட்டவர்களும் இருந்திருப்பார்கள். அதே கோதுமை வயல்களில் பதின்மூன்று சிவப்புப் புள்ளிகளோடு ஒரு கறுப்பு விதவைச் சிலந்தியும் வாழ்கிறது. தசை முறுக்கு, வியர்வை, தாங்க முடியாத வலி எல்லாம் அதன் நஞ்சுக்குப் பொருந்தும். அது சிறியது, மறைந்து வாழ்வது. கண்ணில் பட்டது என்னவோ வளை வாசலில் நின்ற பெரிய ஓநாய்ச் சிலந்தி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

பிறகு ஐரோப்பியர் அமெரிக்கக் கண்டத்துக்குப் போய், அங்கே கண்ட உள்ளங்கை அகல ரோமச் சிலந்திகளுக்கும் அதே பெயரை வைத்தார்கள். இன்று டாரண்டுலா என்றால் உலகமே நினைப்பது அவற்றைத்தான். குடும்பமே வேறு. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மரப்பொந்துகளில் வாழும் பொயசிலோதீரியா என்ற பெருஞ்சிலந்தி இந்த வகை. அது கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் வரும். ஆகவே ஓநாய்ச் சிலந்தியைத் தமிழில் டாரண்டுலா என்று எழுதுவது இரட்டைக் குழப்பம்.

இதே தவறு இருபதாம் நூற்றாண்டில் பிரேசிலிலும் நடந்தது. ஓநாய்ச் சிலந்தி கடித்தால் தோல் அழுகிப் புண்ணாகும் என்று அங்கே பல ஆண்டுகள் மருத்துவர்களே நம்பி, தனியாக எதிர்மருந்தும் தயாரித்தார்கள். 1990இல் சாவ் பாவ்லோவில் 515 கடிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. கொஞ்சம் வலி, சிலருக்கு வீக்கம், சிவப்பு. அழுகல் ஒருவருக்கும் இல்லை. அந்த எதிர்மருந்து இப்போது வழக்கில் இல்லை. தோலை அழுகச் செய்தது லோக்சோசெலிஸ் என்ற பழுப்புச் சிலந்தி. அதன் கடி முதலில் பெரிதாக வலிப்பதில்லை. மணிக்கணக்கில் கழித்துப் புண் தெரியவரும்போது பக்கத்தில் எந்தச் சிலந்தி ஓடுகிறதோ அதன்மேல் பழி விழும். ஆஸ்திரேலியாவில் 2004இல் வெளியான ஆய்வில், சிலந்தியையும் பிடித்து அடையாளம் உறுதி செய்யப்பட்ட 45 ஓநாய்ச் சிலந்திக் கடிகள். வலி பெரும்பாலும் பத்து நிமிடத்தைச் சுற்றித்தான். நான்கில் ஒருவருக்குக் கடுமையான வலி. அழுகல் எவருக்கும் இல்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். சிலந்திக்குப் பழைய வடிவம் சிலம்பி. பெரும்பாணாற்றுப்படையில் நெற்போரின் மேல் வெண்ணூல் பின்னியிருப்பது இந்தச் சிலம்பிதான். சிலந்தி என்ற சொல்லுக்குத் தமிழ் அகராதிகள் இன்னொரு பொருளும் தருகின்றன: கட்டி, புண். கினிப் புழு நோயை நரம்புச் சிலந்தி என்று சொன்னதும் அந்தப் பொருளில்தான். அதற்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒரே சொல் பூச்சியையும் புண்ணையும் குறிக்கும்போது, காரணம் தெரியாத புண் எல்லாம் சிலந்திக் கணக்கில் சேர்வது எளிது. போதாததற்குக் காணாக்கடி என்றொரு சொல்லும் நம்மிடம் உண்டு. தடிப்போ அரிப்போ கண்டால், எதுவோ தெரியாமல் கடித்துவிட்டது என்று முடித்துக்கொள்கிறோம்.

எனக்கு இதில்தான் உண்மையான கவலை. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸ் நோயில், சிற்றுண்ணியின் இளம்புழு கடித்த இடத்தில், பெரும்பாலும் அக்குளிலோ இடுப்பிலோ தொடையிடுக்கிலோ, சிகரெட்டால் சுட்டதுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு தோன்றும். வலிக்காது. புதரிலும் புல்லிலும் உட்கார்ந்து படுத்து எழுபவர்களுக்கு வருகிற நோய் இது. அந்தப் பொருக்கைச் சிலந்திக்கடி என்று நினைத்து மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தால், காய்ச்சல் முற்றி நுரையீரலையும் சிறுநீரகத்தையும் தாக்கும். வேளையோடு போனால் டாக்சிசைக்ளின் மாத்திரையிலேயே குணமாகிவிடும்.

கட்டுவிரியன் இன்னும் மோசம். தரையில் தூங்குபவர்களை இரவில் கடிக்கும். வலி இருக்காது, பல்தடம் சரியாகத் தெரியாது. "ஏதோ பூச்சி கடிச்சிருக்கும்" என்று திரும்பிப் படுத்தவர், விடிகாலையில் வயிற்றுவலியோடு எழுவார். இமை சொருகும், நாக்குக் குழறும். அந்த நிலையில் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் நச்சுமுறி மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். செந்தேள் கொட்டிய குழந்தை வியர்த்து, வாந்தி எடுத்து, கை கால் சில்லிட்டுப் போனாலும் அதே அவசரம்தான்.

தமிழில் எந்தப் பெயர் சரி? வேட்டைச் சிலந்தி என்று சிலர் எழுதுகிறார்கள். அதைச் சுவரில் கரப்பான் பிடிக்கும் அந்தப் பெரிய, தட்டையான சிலந்திக்கு விட்டுவிடுவது நல்லது. அது வேறு குடும்பம். வலைபின்னாச் சிலந்தி என்பதும் பொருந்தாது: இக்குடும்பத்திலேயே இப்பாசா என்ற பேரினம் நம் புல்வெளிகளில் புனல் வடிவ வலை கட்டுகிறது. விடிகாலைப் பனியில் புல்மேல் விரித்த வெண்துணியாகத் தெரிவது பல நேரம் அதன் வலைதான். வேளாண் துண்டறிக்கைகளில் ஏற்கெனவே இடம்பிடித்துவிட்ட ஓநாய்ச் சிலந்தி என்ற நேர்ப்பெயரே இருக்கட்டும் என்பது என் முடிவு. யகர மெய்யை அடுத்து வலி மிகும். நாய்க்குட்டி, தாய்ப்பால் என்பதுபோல ஓநாய்ச் சிலந்தி என்று ஒற்றோடு எழுத வேண்டும்.

அடையாளம் காண இரவுதான் வசதி. டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில், பார்வையின் திசையிலேயே பிடித்து வரப்பில் அடித்தால், புல்லுக்குள் பச்சையும் வெள்ளியும் கலந்த சிறு ஒளிப்புள்ளிகள் மின்னும். பனித்துளி என்று தோன்றும். கிட்டப் போனால் நகரும். எட்டுக் கண்களில் கீழ்வரிசையில் நான்கு சிறியவை. நடுவில் இரண்டு பெரியவை நேரே நம்மைப் பார்க்கும். பின்னால் இரண்டு மேல்நோக்கி. பெண் சிலந்தி உருண்டையான முட்டைப்பையைத் தன் பின்புறத்து நூல்சுரப்பிகளில் ஒட்டி இழுத்துக்கொண்டே திரியும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் தாயின் முதுகில் ஏறிக்கொள்ளும். தூரத்தில் முதுகு சொரசொரப்பாகத் தெரியும், குனிந்து பார்த்தால் அடுக்கடுக்காகக் குட்டிக் கால்கள். முட்டைப்பையை இப்படிச் சுமக்கும் சிலந்திக் குடும்பங்கள் மிகச் சில.

நெல் வயலில் இருப்பது பெரும்பாலும் பார்டோசா சூடோஅனுலேட்டா. முதுகில் கவட்டை போன்ற ஒரு கோடு இருக்கும். நாற்று நட்ட கொஞ்ச நாளிலேயே வயலுக்குள் குடியேறி, தூரோடு தூராக அலைந்து, நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும். நெற்பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையானும் இலைத்தத்துப் பூச்சியும் இதன் முதல் இரை. அளவுக்கு மீறி மருந்தடித்த வயலில் முதலில் சாவது இந்தச் சிலந்தி. அதன்பின் புகையான் பெருகும். இந்தோனேசியாவில் 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 மருந்துகளைத் தடை செய்ததற்கு இதுபோன்ற இயற்கை எதிரிகளைக் காப்பதும் ஒரு காரணம்.

வெளியில் படுப்பவர்கள் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். கயிற்றுக் கட்டில் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் கொசுவலையை விரித்து ஓரங்களைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். கட்டுவிரியனையும் தேளையும் தடுக்கும் வலை சிலந்தியையும் தடுக்கும். போர்வையையும் செருப்பையும் உதறிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஓநாய்ச் சிலந்தி கடிப்பது பெரும்பாலும் துணிக்குள்ளோ விரலுக்கடியிலோ நசுங்கும்போதுதான். கடித்தால் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரத்துணியை வைத்தால் போதும்; கீறுவதும் கட்டுப் போடுவதும் வேண்டாம். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அது ஒவ்வாமை, உடனே 108ஐ அழைக்க வேண்டும். இரண்டு நாள் கழித்தும் சிவப்புப் பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ, சிலந்திதான் என்று நீங்களாக முடிவு கட்டாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். வயலில் படுத்ததையும், உடம்பில் எங்காவது கறுப்புப் பொருக்கு இருந்தால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.