சங்கிலிப் பறிப்புக்கு ஒரு தனிப் பிரிவு

சென்ற மாதம் கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி, முதல் தகவல் அறிக்கை நகலோடு என் அலுவலகத்துக்கு வந்தார். கழுத்துச் சிராய்ப்பு இன்னும் ஆறவில்லை. கோயிலுக்கு நடந்து போகும்போது பைக்கில் வந்த இருவர் சங்கிலியை இழுத்து அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"பறிப்புக்கென்றே புதுச் சட்டம் வந்திருக்கிறதாமே தம்பி, இனி அவனுக்குக் கடுமையான தண்டனைதானே?" என்றார்.

உண்மையைச் சொல்லச் சங்கடமாக இருந்தது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு, பறிப்பைத் தனிக் குற்றமாக்கியது. அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டு. சாதாரணத் திருட்டுக்கான 303இலும் அதே மூன்று ஆண்டுதான். பறித்தவன் வெறும் அபராதத்தோடு தப்ப முடியாது என்பது ஒரு வித்தியாசம். ஆனால் திருட்டில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஐந்து ஆண்டு வரை போகும். பறிப்புப் பிரிவில் அந்த வரியே இல்லை. தனிப் பிரிவு எழுதியவர்கள் இதைக் கவனித்தார்களா என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

இடத்தை வைத்துப் பிரிப்பதிலும் இதே விநோதம். பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து தேக்குக் கதவைத் தூக்கினால் 305, ஏழு ஆண்டு வரை. இடித்த வீட்டின் அதே கதவு திறந்த தோட்டத்தில் கிடந்து களவு போனால் மூன்று. பர்மாத் தேக்கின் மதிப்பு என்னவோ ஒன்றுதான்.

இணைய மோசடியில் இது இன்னும் விபரீதம். ஆள்மாறாட்டம் செய்து கணினி வழியாக ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி: மூன்று ஆண்டு, ஜாமீன் உண்டு. ஏமாற்றிப் பணத்தை வாங்கிக்கொண்டால் நியாய சன்ஹிதாவின் 318(4)இல் ஏழு ஆண்டு வரை. முதல் தகவல் அறிக்கையில் '66டி' மட்டும் இருந்தால் விட்டுவிடாதீர்கள், 318(4)ஐயும் சேர்க்கக் கேளுங்கள்.

ஆச்சி விஷயத்துக்கு வருகிறேன். திருடுவதற்காக ஒருவரை வேண்டுமென்றே காயப்படுத்தினால் அது கொள்ளை. 309இல் பத்து ஆண்டு வரை போகலாம். காயம் ஏற்படுத்திய கொள்ளைக்கு அதற்கு மேலும் உண்டு. அவருடைய புகாரில் "சங்கிலியைப் பறித்தனர்" என்ற ஒரே வரிதான் இருந்தது. பறிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் 304 போட்டுவிட்டார்கள். எந்தப் பக்கமிருந்து இழுத்தான், கீழே விழுந்தீர்களா, ரத்தம் வந்ததா, மிரட்டினானா என்பதெல்லாம் எழுதப்படவில்லை. பிரிவை எழுதுவது போலீஸ் வேலை. நடந்ததை முழுதாகச் சொல்வது நம் வேலை.

காயத்தை மருத்துவர் குறித்துவைத்த, அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலை இணைத்து, பிரிவை மாற்றக் கோரி மனுக் கொடுத்திருக்கிறோம்.