புரட்டக் கூடாத முட்டை

“அடைகாக்கும் கோழி முட்டைகளை அலகால் புரட்டிக்கொண்டே இருக்கிறது. ஆமை முட்டையைப் புரட்டினால் மட்டும் செத்துவிடும் என்கிறார்களே, ஏன்?” திருவான்மியூரிலிருந்து ஒரு பள்ளி மாணவி கேட்டிருந்தார். அவருடைய அண்ணன் இரவில் ஆமை நடைக்குப் போகிறவராம்.

ஜனவரி முதல் மார்ச் வரை சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். 1988 முதல் மாணவர் தன்னார்வலர்கள் கரையோரம் நடந்து, அந்த முட்டைகளைப் பொரிப்பகத்தில் புதைத்துக் காத்துவருகிறார்கள். நாய்களின் தொல்லை, தெருவிளக்கைக் கண்டு குஞ்சுகள் சாலைப் பக்கம் போய்விடுவது இவையெல்லாம் செய்தித்தாள்களில் படித்ததுதான். நேரே முட்டைக்குள் போவோம்.

கோழி முட்டையை உடைத்து ஊற்றினால் மஞ்சள் கருவின் இரு பக்கமும் முறுக்கேறிய வெள்ளை இழை தெரியும். ஊஞ்சல் கயிறு போல அது மஞ்சள் கருவை நடுவில் தாங்கி நிற்கிறது. ஆமை முட்டையில் இந்தக் கயிறு கிடையாது. கரு தானாக மேற்புறம் வந்து, தன்னைச் சுற்றிய சவ்வோடு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய இடத்துக்கு மேலே ஓட்டில் வெள்ளைத் திட்டு ஒன்று தோன்றி, நாளாக நாளாகப் படரும். ஒட்டியபின் முட்டை புரண்டால் சவ்வு கிழிந்து கரு மடியும்.

அப்படியென்றால் தன்னார்வலர்கள் எப்படி எடுத்துப் போகிறார்கள்? இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் வருகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது கரு தொடக்க நிலையிலேயே வளர்ச்சியை நிறுத்திவிட்டுத் தூங்குகிறது. முட்டைக்குழாயில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அதுதான் தாலாட்டு. ஒடிசாவின் ருசிகுல்யா கரையில் ஆயிரக்கணக்கில் கூடும் இதே இன ஆமைகள், தோதான இரவு வரும்வரை முட்டைகளைச் சுமந்தபடி கடலில் காத்திருக்க முடிவதும் இந்தத் தூக்கத்தால்தான். முட்டை மணலில் விழுந்து காற்றுப் பட்டதும் கரு விழிக்கிறது. விழித்து, எழுந்து, ஓட்டில் ஒட்டிக்கொள்ளச் சில மணி நேரம் ஆகும். அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் அவகாசம்.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தினர் 2013இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். புதிதாக இட்ட முட்டைகளை ஆக்சிஜன் குறைந்த பெட்டிகளில் வைத்தார்கள். கரு தூக்கத்தைத் தொடர்ந்தது. வெளியே எடுத்தபின் வளரத் தொடங்கியது. இப்படி எளிமையான ஆய்வுக்கு நம் ஊரில் நிதி கேட்டால் “இதனால் என்ன பயன்?” என்பார்கள். முட்டைகளைத் தொலைவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தால் அந்தப் பெட்டிதான் பயன்.

ஒரு பிப்ரவரி இரவில் நானும் போயிருந்தேன். டிராக்டர் சக்கரம் போன தடம் போலக் கடலிலிருந்து ஒரு தடம் மேலேறி, வளைந்து, மறுபடி கடலுக்குள் இறங்கியிருந்தது. முன்னால் போன இளைஞர் மணலில் கம்பை ஊன்றி ஊன்றிப் பார்த்தார். ஓரிடத்தில் கம்பு பொசுக்கென்று இறங்கியது. குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, ஒவ்வொன்றாக எடுத்தார். பிங்பாங் பந்து அளவு. தொட்டால் குழியும் தோல் ஓடு. வெள்ளைத் திட்டு எதிலும் இல்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், “ஆமை புகுந்த வீடு உருப்படாது, ஏன் தம்பி தொடுகிறீர்கள்?” என்றார். ஆமையின் வீட்டில் கை விட்டிருப்பது நாம்தானே என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

2025 ஜனவரியில் இதே கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவை வலையில் சிக்கிய ஆமை மூச்சுவிட மேலே வர முடியாமல் மூழ்கிச் சாகும். அதன் வயிற்றில் முட்டை இருந்தால், அந்தக் கருக்கள் விழிப்பதே இல்லை. சிக்கிய ஆமை தப்பிக்க வலையில் ஒரு வாசல் வைக்கும் கருவி பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அதை வலையில் பொருத்தவைப்பதுதான் நடக்கவில்லை.

அன்று எடுத்தவை 112. பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், குடம் போல வயிறு அகன்ற குழி தோண்டிப் புதைத்து, எண்ணிக்கையையும் தேதியையும் அட்டையில் எழுதி நட்டபோது மணி நான்கு. சுமார் ஏழு வாரம் கழித்து வந்து பாருங்கள் என்றார் அந்த இளைஞர்.