அரசாங்கத்துக்குக் கடன் கொடுத்த பால்வெட்டுத் தொழிலாளி

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் நாட்டுக் கடன் பற்றிப் பேச்சு வந்தால், மொத்தத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து, "நேற்றுப் பிறந்த பிள்ளைக்கும் கடன்" என்று முடித்துவிடுவார்கள். 2024 இறுதியில் மத்திய அரசின் கடன் சுமார் 1.25 டிரில்லியன் ரிங்கிட். சரி, கொடுத்தது யார்? அதே மேசையில், பால்மரம் வெட்டிவிட்டு அப்புறம் செம்பனைக்கு மாறிய பெரியவர் உட்கார்ந்திருப்பார். கொடுத்தவர்களில் அவரும் ஒருவர்.

அவர் சம்பளத்தில் பிடித்த பணம், முதலாளி பங்கோடு சேர்ந்து ஊழியர் சேமநிதிக்குப் போனது. 1951இல் தொடங்கிய அந்த நிதி, மலேசிய அரசாங்கக் கடன்பத்திரங்களை அதிகமாக வைத்திருக்கும் நிறுவனங்களில் ஒன்று.

அரசாங்கம் கடன் வாங்க விற்கும் இந்தப் பத்திரங்களை மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஏலம் விடுகிறது. 100 வெள்ளி (ரிங்கிட்) பத்திரம், 10 வருடத் தவணை, வருடத்துக்கு 4 வெள்ளி வட்டி என்று வைத்துக்கொள்வோம். வட்டியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாதி பாதியாகத் தருவார்கள். இடையில் பத்திரத்தைச் சந்தையில் விற்கலாம். அரசாங்கத்தின் மேல் சந்தேகம் வந்தால் அதை 96 வெள்ளிக்குத்தான் கேட்பார்கள். தவணை முடிவில் முழு 100 கிடைக்கும் என்பதால், அந்த விலைக்கு வாங்கியவருக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 4.5 விழுக்காடு வருமானம். அரசாங்கம் அடுத்த பத்திரம் விற்கும்போது அந்த அளவு வட்டி தந்தால்தான் ஆள் வரும். விலை இறங்கினால் வட்டி ஏறும் என்று செய்தியில் சொல்வது இதைத்தான்.

தவணை முடிந்த பத்திரத்தை அடைக்க அரசாங்கம் பெரும்பாலும் புதுப் பத்திரம் விற்கிறது. வீட்டில் இப்படிச் செய்தால் வட்டி முதலை வாசலில் சிவப்புச் சாயம் ஊற்றுவான். நாட்டுக்கு ஓய்வு வயது கிடையாது, வரி வந்துகொண்டே இருக்கும், அதனால் இது நடக்கிறது. ஆனால் வட்டியைக் கட்டியே தீர வேண்டும். 2024இல் மலேசிய அரசின் வருமானத்தில் 100 வெள்ளிக்கு 15 வெள்ளிக்கு மேல் அதற்கே போனது. என் கணக்கில் மொத்தக் கடனைவிடக் கவனிக்க வேண்டிய எண் இதுதான்.

ஜப்பானின் கடன் அதன் ஒரு வருட உற்பத்தியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். இலங்கையின் விகிதம் அதைவிட மிகக் குறைவு. ஆனாலும் 2022 ஏப்ரலில் வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தது இலங்கைதான். ஜப்பான் யென்னில் வாங்கி, பெரும்பகுதியைச் சொந்த நாட்டாரிடமே வாங்கியது. இலங்கை டாலரில் கட்ட வேண்டியிருந்தது, கையிருப்பில் டாலர் தீர்ந்துபோனது. டாலரை அச்சடிக்க கொழும்பால் முடியாது.

மலேசியாவின் கடன் பெரும்பாலும் ரிங்கிட்டில்தான். அதனால் திவால் பயம் குறைவு, வேறு பயம் உண்டு. பணத்தை அச்சடித்துக் கடனை அடைக்கப் பார்த்தால் விலைவாசி ஏறும்; பத்திரத்துக்குரிய தொகை முழுசாக வரும், அதில் வாங்கக்கூடிய அரிசி குறையும். சேமநிதியின் வழக்கமான சேமிப்புக் கணக்குக்குச் சட்டம் உறுதி தரும் லாப ஈவு வருடத்துக்கு 2.5 விழுக்காடு. சேமநிதி பல வருடங்களாக அதைவிட அதிகமாகவே கொடுத்திருக்கிறது. ஆனால் விலைவாசி ஈவைத் தாண்டி ஏறினால், அந்த இழப்பு பெரியவர் கணக்கில்தான் விழும்.